விமானச் சக்கரங்களும் திண்டுக்கல் பூட்டும்

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுடைய நாள். மாலை 5.40 மணியளவில் திருச்சி விமான நிலையத்திலிருந்து ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒன்று ஷார்ஜாவுக்குப் புறப்பட்டது. அதில் 140-க்கும் மேற்பட்ட பயணிகள் இருந்தனர். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புவோர், கணவரிடம் செல்லும் மனைவியர், பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர் என வளைகுடா விமானங்களில் நாம் வழக்கமாகக் காணும் முகங்களே அன்றும் இருந்திருக்கும்.

விமானம் மேலெழும்பிய சிறிது நேரத்திலேயே அதன் ஹைட்ராலிக் அமைப்பில், அதாவது எண்ணெயின் அழுத்தத்தால் கனமான உறுப்புகளை இயக்கும் அமைப்பில், கோளாறு ஏற்பட்டிருப்பதை விமானிகள் அறிந்தனர். ஷார்ஜா நோக்கிச் செல்ல வேண்டிய விமானம் திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்து வானில் சுற்றத் தொடங்கியது. மஃரிபு பாங்கு ஒலித்தது; விமானம் சுற்றிக் கொண்டிருந்தது. இஷா பாங்கும் ஒலித்தது. அப்போதும் அது சுற்றிக் கொண்டிருந்தது. கீழே ஓடுபாதையருகே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் அணிவகுத்து நின்றன.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவு. நமக்கென்று விமான நிலையம் இல்லை. மதுரை அல்லது திருச்சியே நமக்கு வாசல். பேகம்பூரிலும் வத்தலக்குண்டிலும் நிலக்கோட்டையிலும் பழனியிலும், வளைகுடாவில் பிழைக்கச் சென்ற ஒருவரேனும் இல்லாத தெரு அரிது. ஆகவே அன்று மாலை தொலைக்காட்சியில் ஓடிய செய்தி நம் வீடுகளை உலுக்கியதில் வியப்பில்லை. "சக்கரம் உள்ளே போகவில்லையாம்", "சக்கரம் வெளியே வராதாம்", "வயிற்றால் இறங்கப் போகிறதாம்" என்று ஒன்றுக்கொன்று முரணான செய்திகள் கைபேசி வழியே பறந்தன.

இரவு 8.15 மணியளவில் சக்கரங்கள் முறையாக விரிய, விமானம் வழக்கம்போலவே ஓடுபாதையில் இறங்கியது. ஒருவருக்கும் காயமில்லை. அல்ஹம்துலில்லாஹ்! விமானத்தைச் செலுத்தியவர் கேப்டன் இக்ரோம் ரிஃபாத்லி ஃபாமி ஜைனல். துணை விமானியாக இருந்தவர் மைத்ரேயி ஷ்ரீகிருஷ்ண ஷிதோலே என்னும் பெண்மணி. இருவரையும் நாடே பாராட்டியது.

அச்சம் நீங்கிய பின் நம் நெஞ்சில் ஒரு கேள்வி எஞ்சுகிறது. நம் உயிருக்குயிரானவர்களைத் தாங்கி இறங்கும் அந்தச் சக்கரங்களைப் பற்றி நாம் அறிந்தது என்ன? அவை எதனால் பழுதடைகின்றன? கடுங்குளிர் அவற்றை என்ன செய்கிறது? பழுதடைந்தால் காப்பது எது? இவற்றை அறிந்து கொண்டால் வீண் அச்சம் குறையும். துஆவில் உறுதி கூடும்.

பூட்டு ஊருக்குப் புரியும் பாடம்

திண்டுக்கல் பூட்டைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாங்காய்ப் பூட்டு முதலாகப் பல வகைப் பூட்டுகளைக் கையாலேயே செய்து பெயர் பெற்ற ஊர் இது. 2019-ஆம் ஆண்டு திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்ல பூட்டுக்கு இலக்கணம் இரண்டு. பூட்டியபின் அசையக் கூடாது. திறக்க வேண்டிய வேளையில் திறக்காமல் இருக்கவும் கூடாது. விமானச் சக்கரத்தின் இலக்கணமும் இதுவே.

வளைகுடாவுக்குப் பறக்கும் போயிங் 737 வகை விமானத்தில் ஆறு சக்கரங்கள் உள்ளன. மூக்குக்குக் கீழே இரண்டு. இறக்கைகளுக்குக் கீழே இருபுறமும் இரண்டிரண்டு. விமானம் தரையை விட்டெழுந்ததும் இவை மடங்கி உள்ளே செல்கின்றன. அங்கே ஒரு கொக்கி அவற்றைப் பற்றிக் கொள்கிறது. இது மேல் பூட்டு. விமானம் எத்தனை குலுங்கினாலும் இந்தப் பூட்டு நெகிழக் கூடாது.

இறங்கும் வேளையில் விமானி ஒரு நெம்புகோலைக் கீழே தள்ளுகிறார். ஹைட்ராலிக் எண்ணெய் பாய்ந்து மேல் பூட்டைத் திறக்கிறது. சக்கரங்கள் வெளியே வருகின்றன. குடையை விரித்ததும் "டக்"கென்று ஒரு பிடிப்பு விழுந்து குடை மடங்காமல் நிற்கிறதல்லவா? அதுபோலவே சக்கரத்தைத் தாங்கும் கால் முழுதாக விரிந்ததும் ஒரு பிடிப்பு விழுகிறது. இது கீழ்ப் பூட்டு. இது சரியாக விழுந்த பின்னரே விமானியின் முன்னால் பச்சை விளக்கு எரியும். மூன்று கால்களுக்கு மூன்று பச்சை விளக்குகள். மூன்றும் எரிந்தால்தான் இறங்கலாம்.

இந்த எண்ணெயின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 3000 பவுண்டு. காரின் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு. அந்த எண்ணெயே ஒழுகிப் போய்விட்டால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 737 விமானத்தில் துணை விமானியின் இருக்கைக்குப் பின்னால், தரையில் ஒரு சிறு மூடிக்குக் கீழே மூன்று கைப்பிடிகள் உள்ளன. ஒவ்வொன்றாக இழுத்தால் மேல் பூட்டு கையாலேயே திறக்கப்படும். சக்கரங்கள் தம் எடையாலேயே கீழே விழுந்து பூட்டிக் கொள்ளும். எண்ணெயும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். அல்லாஹ் இப்பூமிக்கு அளித்த ஈர்ப்பு விசை ஒன்றே போதும்.

வெயில் ஊருக்கு மேலும் ஒரு குளிர்காலம்

"நம் சமவெளியில் பனி ஏது, உறைகுளிர் ஏது? குளிரைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று சிலர் எண்ணலாம். திண்டுக்கல்லில் வியர்வை வழியும் நாளிலேயே, இதே மாவட்டத்தின் கொடைக்கானலில் கம்பளி தேவைப்படுகிறது. காரணம் உயரம். கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும்.

விமானமோ 10 கிலோமீட்டருக்கும் மேலே பறக்கிறது. அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரியளவில் இருக்கும். பயணிகள் அமரும் பகுதிக்கு வெதுவெதுப்பான காற்று செலுத்தப்படுகிறது. சக்கரங்கள் மடங்கிக் கிடக்கும் அறைக்கு அந்த வசதி கிடையாது. ஷார்ஜா சேரும்வரை நான்கு மணி நேரம் அவை அந்தக் குளிரைத் தாங்க வேண்டும். பின்னர் பாலைவனத்தின் கொதிக்கும் ஓடுபாதையைத் தாங்க வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் சக்கரங்கள் ஒரு கோடையையும் ஒரு குளிர்காலத்தையும் கண்டு விடுகின்றன.

ஆயினும் மேலேயுள்ள குளிர் உலர்ந்த குளிர். அதைத் தாங்கும்படியாகவே எண்ணெயும் ரப்பரும் உலோகமும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. உண்மையான தொல்லை தரையிலே ஈரமும் உறைகுளிரும் சேரும் இடங்களில்தான். ஸ்ரீநகரிலும் லேயிலும் குளிர்காலத்தில் அது நிகழ்கிறது. நம் பிள்ளைகள் படிக்கவும் பணி செய்யவும் செல்கின்ற இலண்டன், டொரொண்டோ நகரங்களிலும் நிகழ்கிறது.

பனிக்கூழ் செய்யும் கேடு

பனி பாதி உருகிய நிலையில் தண்ணீரும் பனியும் கலந்த கூழாக ஓடுபாதையில் கிடக்கும். விமானம் அதன்மேல் விரைந்தோடும்போது சக்கரங்கள் அதை வாரி மேலே இறைக்கின்றன. கால்களிலும் பூட்டுகளிலும் அறைக் கதவுகளிலும் அது ஒட்டிக் கொள்கிறது. விமானம் மேலேறியதும் கல்லாக உறைகிறது. திறக்க வேண்டிய கொக்கி திறக்க மறுக்கலாம். மூட வேண்டிய கதவு மூட மறுக்கலாம். சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் உணர்கருவியின் மேல் பனி படிந்தால், சரியாக இருப்பதையும் அது தவறென்று காட்டலாம். இதனால்தான் பனிக்கூழ் கிடக்கும் ஓடுபாதையிலிருந்து எழும்பும்போது, சில வேளைகளில் விமானிகள் சக்கரங்களை உடனே மடக்காமல் சற்று நேரம் காற்றில் விட்டு வைப்பதுண்டு. வீசும் காற்றும் சுழலும் சக்கரமும் ஒட்டிய பனியை உதறிவிடும்.

அடுத்தது பிரேக். ஓடுபாதைக்குச் செல்லும் வழியிலேயே பிரேக் சூடாகிறது. அந்தச் சூட்டில் பனி உருகி நீராகி இடுக்குகளில் இறங்குகிறது. மேலே சென்றதும் அந்நீர் உறைந்து சக்கரத்தைச் சுழலவிடாமல் பற்றிக் கொள்கிறது. அப்படியே இறங்கினால் சக்கரம் உருளாது. டயர் தேய்ந்து வெடிக்கும். அத்தகைய நாட்களில் விமானி மெத்தென்று இறக்காமல் சற்று அழுத்தமாகவே இறக்குவார். பிரேக்கிலுள்ள பனி அந்த அதிர்ச்சியில் உடையும். "என்ன, இப்படி இடித்து இறக்கிவிட்டாரே!" என்று நாம் குறை கூறும் இறக்கத்துக்குப் பின்னால் இப்படியும் ஒரு காரணம் இருக்கக் கூடும். உறைகுளிரில் இரவெல்லாம் நிற்கும் விமானத்துக்குக் கைப்பிரேக்கைப் போட்டு வைக்காமல், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகளை வைத்து நிறுத்துவதும் இதனால்தான்.

விமானத்தின் கால்களுக்குள்ளே எண்ணெயும் நைட்ரஜன் வாயுவும் அடைக்கப்பட்டிருக்கும். பல டன் எடை தரையில் மோதும் அதிர்ச்சியை அவையே தாங்குகின்றன. குளிரில் வாயு சுருங்கும், கால் குள்ளமாகும். எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள் விறைத்துச் சுருங்கும்; எண்ணெய் கசியும். விடியற்காலை இருளில், விரல்கள் மரத்துப்போகும் குளிரில், ஒரு தொழிலாளி கைவிளக்குடன் குனிந்து அந்தக் காலின் உயரத்தையும் கசிவையும் பார்த்துக் குறித்து வைக்கிறார். அவர் பெயர் எந்தச் செய்தித்தாளிலும் வருவதில்லை.

பனிக்கூழ் எவ்வளவு பெரிய துயரத்தை விளைவிக்கும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சாட்சி உண்டு. 1958 பிப்ரவரி 6 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் எரிபொருள் நிரப்பிய ஒரு பிரிட்டிஷ் விமானம், மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியினரை ஏற்றிக்கொண்டு புறப்பட முயன்றது. இருமுறை முயன்று நிறுத்திய பின் மூன்றாம் முறை ஓடியது. ஓடுபாதையின் கடைசிப் பகுதியில் பனிக்கூழ் தேங்கிக் கிடந்தது. மணிக்குச் சுமார் 217 கிலோமீட்டராக ஏறிய வேகம், சக்கரங்கள் அந்தக் கூழில் புகுந்ததும் சுமார் 194 ஆகச் சரிந்தது. மேலெழவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. 44 பேரில் 23 பேர் உயிரிழந்தனர். இறக்கையில் படிந்த பனியைக் கவனிக்கவில்லை என்று உயிர் தப்பிய கேப்டன் ஜேம்ஸ் தெய்ன் மீது ஜெர்மானிய விசாரணை பழி சுமத்தியது. பனிக்கூழே காரணம், அவர்மீது குற்றமில்லை என்று பிரிட்டிஷ் விசாரணை அறிவித்தபோது ஆண்டு 1969. சக்கரத்தைப் பற்றிய அறிவு போதாமையால் ஒரு மனிதர் பதினொரு ஆண்டுகள் பழி சுமந்தார்.

டயருக்குள் ஏன் நைட்ரஜன்?

நம் வண்டிகளின் டயரில் சாதாரணக் காற்றை அடைக்கிறோம். விமான டயரில் நைட்ரஜனை மட்டுமே அடைக்கிறார்கள். சாதாரணக் காற்றில் ஈரம் உண்டு. அது குளிரில் உறையும். பிராணவாயுவும் உண்டு, அது சூட்டில் தீயை வளர்க்கும். 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோ நாட்டு விமானமொன்று பறந்து கொண்டிருக்கையில், பிரேக் உரசிச் சூடேறிய ஒரு சக்கரத்தின் டயர் வெடித்தது. நைட்ரஜனுக்குப் பதிலாக அதில் சாதாரணக் காற்று அடைக்கப்பட்டிருந்தது. 167 பேர் மாண்டனர். அதன் பின்னரே நைட்ரஜன் கட்டாயமென்ற விதி பிறந்தது.

வெப்பம் 3 டிகிரி குறைந்தால் டயரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறையும். 35 டிகிரி வெயிலில் சரிபார்த்த டயர், 5 டிகிரிக் குளிருள்ள ஊரில் போய் நிற்கும்போது பத்து விழுக்காடு அழுத்தத்தை இழந்திருக்கும். ஆகையால் சென்று சேரும் ஊரின் குளிரையும் கணக்கிட்டே அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். மருந்தே நோயாவதும் உண்டு. ஓடுபாதையின் பனியை உருக்கத் தெளிக்கும் சில பொட்டாசிய உப்புகள், கார்பனால் ஆன பிரேக் தகடுகளை மெல்ல அரித்துவிடும். அதையும் தேடிப் பார்த்துத் தகட்டை மாற்ற வேண்டியிருக்கிறது.

ஒரு விளக்கு, ஒரு பொத்தான்

சக்கரக் கோளாறுகளில் மனிதக் கவனத்தின் பங்கை உணர்த்தும் இரு நிகழ்ச்சிகளை இங்கே கூறுவது பொருந்தும்.

முதலாவது, 1972 டிசம்பர் 29-ஆம் நாள் இரவு அமெரிக்காவின் மியாமி நகருக்கருகே நிகழ்ந்தது. ஈஸ்டர்ன் நிறுவனத்தின் விமானம் இறங்கத் தயாரானபோது மூக்குச் சக்கரத்தின் பச்சை விளக்கு எரியவில்லை. சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. விளக்கின் பல்புதான் எரிந்து போயிருந்தது. விமானி அறையிலிருந்த அனைவரும் அந்த விளக்கையே ஆராய்ந்தனர். தானியங்கிக் கட்டுப்பாடு விலகி, விமானம் மெல்ல மெல்லக் கீழிறங்குவதை எவரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் மோதி 100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சக்கரம் அவர்களைக் கொல்லவில்லை. சக்கரத்தைப் பற்றிய கவலை கொன்றது.

இரண்டாவது, 2011 நவம்பர் 1 அன்று போலந்து நாட்டின் வார்ஸா நகரில் நிகழ்ந்தது. நியூயார்க் அருகேயுள்ள நெவார்க்கிலிருந்து 231 பேருடன் வந்த போயிங் 767 விமானத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் ஒழுகிப் போயிருந்தது. மாற்று வழியில் சக்கரங்களை இறக்க முயன்றனர், இறங்கவில்லை. கேப்டன் ததேயுஷ் வ்ரோனா, ஓடுபாதையில் நுரை தெளிக்கச் செய்து விமானத்தை வயிற்றாலேயே இறக்கினார். ஒருவர் கூட உயிரிழக்கவில்லை. பின்னர் விமானத்தைத் தூக்கி நிறுத்தி ஆராய்ந்தபோது, விமானி அறையில் மின்காப்புப் பொத்தான் ஒன்று வெளியே வந்திருந்தது தெரிந்தது. அதை உள்ளே அழுத்தியதும் மாற்று வழி இயங்கிச் சக்கரங்கள் இறங்கின!

ஒரு பல்பு, ஒரு பொத்தான். மனிதன் ஒன்றன்பின் ஒன்றாக எத்தனைக் காப்பு வைத்தாலும், கவனமும் நிதானமுமே கடைசிக் காப்பு. அதற்கும் அப்பால் காப்பவன் அல்லாஹ் ஒருவனே.

இரண்டரை மணி நேரம் ஏன்?

திருச்சி நிகழ்ச்சிக்கு வருவோம். கோளாறு தெரிந்ததும் உடனே இறங்காமல் ஏன் இரண்டரை மணி நேரம் சுற்ற வேண்டும்? 737 விமானம் சுமார் 79 டன் எடைவரை சுமந்து எழும்பலாம். ஆனால் இறங்கும்போது சுமார் 65 டன்னுக்கு மேல் இருக்கலாகாது. தொலைதூரப் பயணத்துக்காக நிரப்பிய எரிபொருள் தீராமல் இறங்கினால், அந்தப் பாரம் கால்களையும் பிரேக்கையும் வருத்தும். பெரிய விமானங்கள் சிலவற்றில் எரிபொருளை வானிலேயே கொட்டும் வசதி உண்டு. 737-இல் அது கிடையாது. எரித்தே தீர்க்க வேண்டும். கீழேயிருந்து பார்த்தவர்களுக்குத் தவிப்பாகத் தோன்றிய ஒவ்வொரு சுற்றும், உள்ளேயிருந்தவர்களின் ஆபத்தைக் குறைத்துக் கொண்டிருந்தது.

அதே திருச்சியில் 2018 அக்டோபர் 12 அதிகாலையிலும் ஒரு நிகழ்ச்சி நடந்தது. 130 பயணிகளுடனும் 6 பணியாளர்களுடனும் துபாய்க்குப் புறப்பட்ட விமானத்தின் சக்கரப் பகுதி, விமான நிலையச் சுற்றுச்சுவரில் மோதியது. விமானம் மும்பைக்குத் திருப்பப்பட்டு, விடியலில் அங்கே நலமாக இறங்கியது. அப்போதும் எவருக்கும் தீங்கில்லை. இருமுறையும் நம் மண்ணின் மக்களைக் காத்த இறைவனுக்கு நன்றி செலுத்தும் நாம், அவன் எந்தக் கைகளின் வழியே காத்தான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டிலிருப்போர் செய்யத் தக்கவை

ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இறைவன்மேல் பொறுப்பைச் சாட்டலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு நம்பிக்கை வைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நாமறிவோம். கட்டுவது மனிதனின் கடமை. காப்பது அல்லாஹ்வின் அருள். ஒன்றிருந்தால் மற்றொன்று வேண்டாமென்பது தவக்குல் ஆகாது.

ஆபத்தான செய்தி வரும் வேளையில் முதற்கடமை துஆ. அடுத்த கடமை நாவையும் விரலையும் கட்டுவது. உறுதி செய்யாத செய்தியை அப்படியே ஏற்கலாகாது என்பது திருமறையின் கட்டளை. அன்று மாலை "வயிற்றால் இறங்கும்" என்று பரப்பியவர்கள், எத்தனைத் தாய்மார்களின் நெஞ்சைப் பதற வைத்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். விமான நிறுவனமும் விமான நிலையமும் அறிவிப்பதை மட்டுமே நம்புங்கள். நோயாளியான அத்தாவிடமோ கருவுற்ற மருமகளிடமோ அரைகுறைச் செய்தியைச் சொல்லாதீர்கள்.

பயணம் செய்வோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு:

இருக்கையில் அமர்ந்ததும், முன்னும் பின்னும் உள்ள அவசர வழிகள் எத்தனை வரிசை தள்ளி இருக்கின்றன என்று எண்ணி வைத்துக் கொள்ளுங்கள். புகை சூழ்ந்தால் கண் உதவாது; எண்ணிக்கை உதவும்.

பணிப்பெண் விளக்கம் கூறும்போது கேளுங்கள். பலமுறை கேட்டதுதானே என்று எண்ண வேண்டாம். எல்லாத் தொழுகையிலும் ஒரே ஃபாத்திஹாவைத்தான் ஓதுகிறோம், கவனம் குறையலாமா?

அவசரமாக வெளியேறும்போது பைகளை விட்டுவிடுங்கள். வழிகளில் பாதி அடைபட்டாலும் 90 விநாடிகளில் அனைவரும் வெளியேறும்படியே விமானம் வடிவமைக்கப்படுகிறது. மேலடுக்கிலிருந்து ஒரு பையை இறக்குபவர், பின்னால் நிற்போரின் விநாடிகளைத் திருடுகிறார். நகையும் கடவுச்சீட்டும் திரும்பக் கிடைக்கும், உயிர் கிடைக்காது.

சறுக்குப் பாதையில் இறங்குமுன் குதிகால் உயர்ந்த காலணிகளைக் கழற்றிவிட வேண்டும். பெண்கள் புர்காவின் கீழ்ப்பகுதி காலில் சிக்காதபடி சற்றே பற்றிக் கொள்வது நல்லது.

குளிர் நாடுகளுக்குச் செல்வோர், விமானம் எழும்போதும் இறங்கும்போதும் தட்டையான காலணியையும் கம்பளி உடையையும் அணிந்தே இருங்கள். பனியில் இறங்கி நிற்க நேர்ந்தால் மேலடுக்குப் பையிலிருக்கும் கம்பளி பயன்படாது.

இனி ஒருமுறை திருச்சியிலோ மதுரையிலோ உங்கள் பிள்ளையை வழியனுப்பிவிட்டு நிற்கும்போது, விமானம் எழும்பியதும் அதன் வயிற்றுப் பக்கம் பாருங்கள். 737-இன் பெரிய சக்கரங்களை முழுதாக மூடும் கதவு கிடையாது. மடங்கிய பிறகும் கருப்பு வட்டங்களாக அவை தெரியும். அவை உள்ளே சென்று பூட்டப்படுகையில், பூட்டு ஊர்க்காரர்களான நாம் ஒன்றை நினைவு கொள்வோம். அந்தப் பூட்டை ஒருவர் செய்திருக்கிறார். ஒருவர் துடைத்து எண்ணெய் இட்டிருக்கிறார். ஒருவர் நள்ளிரவில் விளக்குப் பிடித்துப் பார்த்திருக்கிறார். அவர்களுள் எவரையும் நாம் கண்டதில்லை. எந்த மதத்தவர், எந்த நாட்டவர் என்றும் அறியோம்.

பயணம் செல்பவருக்காகக் கையேந்தும்போது, முகமறியாத அந்த ஊழியர்களையும் நம் துஆவில் சேர்த்துக் கொள்வோம். சென்றவர்கள் நலமாய்ச் சேரவும், சேர்ந்தவர்கள் நலமாய்த் திரும்பவும் எல்லாம் வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.